பழைய மகிழுந்துக்கு ஒரு கைத்துணை

பேரங்காடி ஒன்றின் வாகன நிறுத்துமிடம். ஐம்பது வயதைத் தாண்டிய டாட்சன் 240இசட் மகிழுந்து ஒன்று, காலியாக இருக்கும் ஒரு கட்டத்திற்குள் பின்னோக்கி நுழைய முயல்கிறது. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. கடந்து செல்வோரை நின்று பார்க்கவைக்கும் வடிவம். ஆனால், உள்ளே அமர்ந்திருப்பவரின் முகத்தில் அந்தப் பெருமிதம் இல்லை. அறுபதைக் கடந்த அவர், இரு கைகளாலும் ஸ்டீரிங்கை இறுகப் பற்றி, உடலை முன்னே சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புகிறார். வலது தோளில் ஏற்கெனவே வலி உண்டு. பக்கத்துக் கட்டத்தில் சிறிய மைவியை நிறுத்திய இளைஞர், அதே வேலையைச் சிரமமே இல்லாமல் முடித்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

இத்தகைய பழைய விரைவு மகிழுந்துகளை வைத்திருப்போர் பலருக்கு ஒரு நாள் இந்தக் கேள்வி எழுகிறது. வண்டியை விற்றுவிடுவதா? அல்லது, அதில் பவர் ஸ்டீரிங் பொருத்துவதா? கேள்வி எளியதுதான்; விடை எளியதன்று. ஸ்டீரிங் என்பது கதவைப் போலவோ கண்ணாடியைப் போலவோ மாற்றிவிடக்கூடிய உறுப்பன்று. ஓட்டுநரின் கட்டளை கையிலிருந்து சக்கரத்திற்குப் போவதும் சாலையின் செய்தி சக்கரத்திலிருந்து கைக்கு வருவதும் அதன் வழியாகத்தான். அந்த வழியை நடுவே வெட்டி ஒரு மோட்டாரை வைப்பதற்கு முன், அதில் எவையெல்லாம் பயணம் செய்கின்றன என்று அறிந்திருக்க வேண்டும்.

இந்த மகிழுந்து 1969ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் ‘நிசான் ஃபேர்லேடி இசட்’ என்னும் பெயரில் அறிமுகமானது. அயல்நாடுகளுக்கு 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் இயந்திரத்துடன் ‘டாட்சன் 240இசட்’ எனச் சென்றது. அழகுக்கு மட்டும் பெயர்பெற்ற வண்டி அன்று இது. கிழக்காப்பிரிக்காவின் கரடுமுரடான மண் பாதைகளில் நடைபெற்ற சஃபாரி ரேலிப் போட்டியை 1971, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. 1973இல் அதனை ஓட்டி வென்றவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. விற்பனைக்கு வந்த 240இசட் மகிழுந்தில் பவர் ஸ்டீரிங் இல்லை. எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம்தான் என்பதால், அன்றைய வாடிக்கையாளர்கள் அதனை ஒரு குறையாகவும் கருதவில்லை.

அப்படியானால் இன்று ஏன் அது கனக்கிறது? இதனை அறிய, ஸ்டீரிங் இயங்கும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அதனோடு இணைந்த தண்டு சுழல்கிறது. தண்டின் அடியில் ஒரு சிறிய பற்சக்கரம் உண்டு. அது, பல் வெட்டிய நீண்ட சட்டம் ஒன்றை இடமாகவோ வலமாகவோ தள்ளுகிறது. சட்டத்தின் இரு முனைகளும் முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. 240இசட்டில் ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்ப மூன்று சுற்றுகள்கூடத் தேவையில்லை. வளைவுகளில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்புவதற்கு இதுவே காரணம். கைக்குக் கூடுதல் வேலை வைப்பதும் இதுவே. நெம்புகோலைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. தூரத்தில் மிச்சம் பிடித்தால் விசையில் கொடுத்தாக வேண்டும்.

இனி, உரிமையாளர்களே செய்துகொள்ளும் மாற்றங்களைப் பார்ப்போம். பலர் பழைய பெரிய ஸ்டீரிங்கைக் கழற்றிவிட்டுப் பந்தயக் களத்தில் காண்பது போன்ற சிறிய ஸ்டீரிங்கைப் பொருத்துகின்றனர். எடுத்துக்காட்டாக, சக்கரங்களைத் திருப்பத் தண்டில் 20 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீரிங்கின் விட்டம் 400 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 0.2 மீட்டர், விளிம்பில் கொடுக்க வேண்டிய விசை 100 நியூட்டன். விட்டத்தை 350 மில்லிமீட்டராகக் குறைத்தால் அதே வேலைக்கு ஏறத்தாழ 114 நியூட்டன் தேவைப்படும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த 50 மில்லிமீட்டர் குறைவுக்குத் தோள்தான் விலை கொடுக்கிறது.

டயரும் அப்படித்தான். 240இசட் தொழிற்சாலையிலிருந்து 175 மில்லிமீட்டர் அகல டயர்களுடன் வந்தது. இன்று 205, 225 மில்லிமீட்டர் அகல டயர்களைப் பலரும் மாட்டுகின்றனர். வண்டி நின்ற நிலையில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது, தரையைத் தொடும் டயரின் பகுதி உருளாமல் அதே இடத்தில் முறுக்கப்படுகிறது. டயர் அகலமாகவும் பிடிமானம் மிக்கதாகவும் இருக்க இருக்க, இந்த முறுக்கலுக்கு எதிர்ப்பும் மிகும். வண்டி மெல்ல உருளத் தொடங்கியவுடன் கனம் சட்டெனக் குறைந்துவிடும். பழைய தலைமுறை ஓட்டுநர்கள், “வண்டி உருண்டால்தான் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும்” என்று கற்றுக்கொடுத்ததன் பொருள் இதுதான். பவர் ஸ்டீரிங்கிலேயே ஓட்டக் கற்றவர்களுக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மிதிவண்டியின் முன்கவை செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மகிழுந்தின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் அவ்வாறே சாய்ந்திருக்கிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகவே நேராவதற்கும் நெடுஞ்சாலையில் வண்டி நேராக ஓடுவதற்கும் இந்தச் சாய்வு உதவுகிறது. சாய்வு கூடினால் நிலைத்தன்மை கூடும். ஸ்டீரிங்கின் கனமும் கூடும். ஆகவே, பழைய மகிழுந்துகளை வடிவமைத்தவர்கள் ஓட்டுநரின் கைவலிமையைக் கருத்திற்கொண்டே அந்தச் சாய்வை அளந்து வைத்தனர்.

இவ்வளவும் இருக்க, நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடவும் கூடாது. கனக்கும் ஸ்டீரிங்குக்கெல்லாம் மோட்டார்தான் தீர்வு என்று முடிவுகட்டுவது தவறு. டயரில் காற்றுக் குறைந்திருந்தாலே ஸ்டீரிங் கனக்கும். பற்சட்டத்தினுள் இருக்கும் கிரீஸ் பல ஆண்டுகளில் மெழுகைப் போல் இறுகியிருக்கலாம். தண்டின் நடுவே உள்ள மூட்டு துருப்பிடித்திருக்கலாம். சக்கரங்களின் கோணம் தவறியிருக்கலாம். நல்ல பட்டறைக்காரர் முதலில் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்டீரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்ப்பார். டயர் தரையைத் தொடாதபோதும் ஸ்டீரிங் இறுக்கமாக இருந்தால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதனைச் சரிசெய்யாமல் பவர் ஸ்டீரிங் பொருத்தினால், பழுதான மூட்டு பழுதாகவே இருக்கும். அதன் அறிகுறியை மட்டும் மோட்டார் மறைத்துவிடும். அறிகுறி மறைந்த கோளாறு மிகவும் ஆபத்தானது.

எல்லாம் சரியாக இருந்தும் கனம் குறையவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். பவர் ஸ்டீரிங் என்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் பியர்ஸ் ஏரோ நிறுவனத்தில் கனவுந்துகளோடு பழகிய பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீரிங்கை 1926ஆம் ஆண்டிலேயே ஒரு மகிழுந்தில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எனினும், செலவு மிகுதி என்பதால் அது உடனே விற்பனைக்கு வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் கனமான இராணுவ வாகனங்களுக்கு அது பயன்பட்டது. பொதுமக்கள் வாங்கக்கூடிய மகிழுந்தில் அது வந்தது 1951ஆம் ஆண்டில்தான். அந்த மகிழுந்து கிரைஸ்லர் இம்பீரியல்.

எண்ணெய் முறையில், இயந்திரம் ஒரு பட்டையின் மூலம் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை உயர் அழுத்தத்தில் அனுப்புகிறது. ஓட்டுநர் திருப்பும் திசைக்கேற்ப ஒரு வால்வு திறந்து, எண்ணெய் பற்சட்டத்தை அந்தப் பக்கமாகத் தள்ளுகிறது. இயங்கும் விதம் மென்மையானது. இன்றும் பல ஓட்டுநர்கள் இதன் உணர்வையே விரும்புகின்றனர். ஆனால், பழைய மகிழுந்தில் இதனைப் பின்னர் சேர்ப்பது பெரும்பாடு. பம்புக்கு இயந்திரத்தின் முன்னே இடம் வேண்டும். கூடுதல் பட்டைச் சக்கரம் வேண்டும். எண்ணெய்க் கலன், உயர் அழுத்தக் குழாய்கள், புதிய பற்சட்டம் ஆகிய அனைத்தும் வேண்டும். குழாயில் கசிவு ஏற்பட்டு, சூடான புகைக்குழாயின் மீது எண்ணெய் சொட்டினால் தீ மூளவும் கூடும். பேட்டையைத் திறந்து பழைய இயந்திரத்தின் அழகை ரசிப்பவர்களுக்கு, அந்தக் குழாய்க் கூட்டம் ஒரு கண்ணுறுத்தலும்கூட.

மின்சார முறை வந்த பின்னரே பழைய மகிழுந்துகளுக்கு வழி பிறந்தது. 1988ஆம் ஆண்டில் சுஸுகி செர்வோ என்னும் சிறிய மகிழுந்தில் அது முதன்முதலாக இடம்பெற்றது. 1990இல் ஹோண்டா தன் புகழ்பெற்ற என்எஸ்எக்ஸ் விரைவு மகிழுந்தை வெளியிட்டபோது, தானியங்கி கியர் கொண்ட வகைக்கு மட்டுமே மின்சார ஸ்டீரிங்கை அளித்தது. கையால் கியர் மாற்றும் வகைக்கு எந்தத் துணையும் இல்லை. விரைவாக ஓட்டுவதையே விரும்பி வாங்குபவர், சாலையைத் தம் கையால் உணரட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. இயந்திரத்தைப் பின்புறத்தில் கொண்டு, முன்பாரம் குறைந்திருக்கும் போர்ஷே 911கூட 1989ஆம் ஆண்டு வரை பவர் ஸ்டீரிங் இல்லாமலேயே ஓடியது.

மின்சார முறையில் மோட்டார், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்டீரிங் தண்டோடு இணைக்கப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தண்டின் நடுவே மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உண்டு. ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது, டயரின் எதிர்ப்பால் அந்தக் கம்பி மிகச் சிறிதளவு முறுகுகிறது. அந்த முறுக்கத்தை ஓர் உணரி அளந்து சிறிய கணினிக்குச் சொல்கிறது. எவ்வளவு முறுக்கமோ அதற்கேற்ற மின்னோட்டத்தைக் கணினி மோட்டாருக்கு அனுப்புகிறது. கை நின்றால் மோட்டாரும் நிற்கும். மின்சாரம் முற்றிலும் அற்றுப்போனாலும் தண்டு அறுபடாது. ஸ்டீரிங் மீண்டும் கனக்கும், அவ்வளவே. இதற்கென்றே தயாரிக்கப்படும் தொகுப்புகள் சில நாடுகளில் விற்கப்படுகின்றன. ஓபல் கோர்சா போன்ற சிறிய மகிழுந்துகளிலிருந்து கழற்றிய மோட்டார்களைப் பயன்படுத்துவோரும் உள்ளனர்.

இனித்தான் முக்கியமான இடம். புதிய மோட்டாரைப் பொருத்த, பழைய தண்டைப் பெரும்பாலும் வெட்டிச் சுருக்கியாக வேண்டும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பாதுகாப்பு விதிகள், மோதலின்போது ஸ்டீரிங் ஓட்டுநரின் மார்பைத் தாக்காதவாறு காக்க வேண்டும் என்று வலியுறுத்தின. ஆகவே, அக்காலம் முதல் பல மகிழுந்துகளின் தண்டு, மோதலில் மடங்கியோ உள்ளிழுத்துக்கொண்டோ சுருங்கும்படி வடிவமைக்கப்பட்டது. இதனை அறியாத ஒருவர் இடையில் திடமான இரும்புக் குழாயைப் பற்றவைத்துவிட்டால், ஓட்டுநரைக் காக்க வேண்டிய தண்டே அவருக்கு எதிராக நீட்டிய ஈட்டியாகிவிடும்.

பற்றவைப்பு முறிந்தால் நிகழ்வது இன்னும் கொடியது. ஓடும் வண்டியில் ஸ்டீரிங் கையில் சும்மா சுழலும். சக்கரம் தன் விருப்பப்படி போகும். அப்போது பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. அதனால்தான் தேர்ந்த பட்டறைகள் கூடுமானவரை பற்றவைப்பதைத் தவிர்க்கின்றன. நீளவாக்கில் பல் வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று பொருந்த, அவற்றை மூட்டுகளால் இணைத்துத் திருகாணியால் இறுக்கும் முறையையே கையாளுகின்றன. பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்குத் தகுதிபெற்றவர் செய்ய வேண்டும். பின்னர், உள்ளே வெடிப்பு உள்ளதா என்று சோதிக்கவும் வேண்டும். தண்டில் இரண்டு மூட்டுகள் இருந்தால் அவற்றின் கோணங்கள் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல், ஒரே சுற்றுக்குள் ஸ்டீரிங் ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் இருக்கும்.

மோட்டாரைத் தாங்கும் பிடிப்பானையும் பலர் அலட்சியமாக நினைக்கின்றனர். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கும் விடாது. மோட்டார் தண்டை வலப்புறம் திருப்பினால், அதே விசை மோட்டாரை இடப்புறம் தள்ளும். பிடிப்பான் மெல்லிய தகட்டில் நின்றால், மோட்டார் தண்டைத் திருப்புவதற்குப் பதிலாகத் தானே ஆடும்.

மின்சாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நின்ற நிலையில் முழுமையாகத் திருப்பும்போது மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்றால் 480 வாட். 55 வாட் கொண்ட இரண்டு முகப்பு விளக்குகள் எடுப்பதைப் போல் நான்கு மடங்கிற்கும் அதிகம். ஒரு சில விநாடிகளுக்குத்தான் என்றாலும், இவ்வளவு மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தருவதற்கென்று அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் செய்யப்படவில்லை. வண்டியை நிறுத்தும்போது இயந்திரம் மெதுவாகச் சுழலும். ஆல்டர்னேட்டர் குறைவாகத் தரும். மோட்டாரோ அந்த நேரத்தில்தான் அதிகமாகக் கேட்கும். எனவே வலிமையான ஆல்டர்னேட்டர், மின்கலத்திலிருந்து நேராக வரும் தடித்த கம்பி, தனி உருகி ஆகியவை தேவைப்படுகின்றன. பழைய கம்பிகளிலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று எண்ணினால், டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வரும்.

இவையெல்லாம் பொறியியல் சிக்கல்கள். பணமும் பொறுமையும் இருந்தால் தீர்த்துவிடலாம். தீர்க்கக் கடினமானது கை உணர்வு. மழையில் நனைந்த வளைவில் முன்டயர்கள் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும் கணத்தில், துணையில்லாத ஸ்டீரிங் திடீரென இலேசாகிவிடும். வழுக்கும் முன்பே கை அதனை அறிந்துகொள்ளும். சாலையின் சொரசொரப்பு, டயரில் குறையும் காற்று, கழன்றுவரும் சக்கர நட்டு ஆகியவைகூட விரல்களுக்குத் தெரியும். மோட்டார் அளவுக்கு மீறி உதவினால் இந்தச் செய்திகள் மங்கிவிடும். இன்றைய மகிழுந்துகளில் வேகம் கூடக்கூடக் கணினி உதவியைக் குறைத்துவிடுகிறது. 240இசட்டின் வேகமானியோ கியர்பெட்டியிலிருந்து வரும் சுழலும் கம்பியால் இயங்குகிறது. கணினிக்கு வேகத்தைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஆகவே, சிலர் தனியாக ஒரு வேக உணரியைச் சேர்க்கின்றனர். வேறு சிலர் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிறிய குமிழை வைத்து, உதவியின் அளவைத் தாமே கூட்டிக் குறைக்கின்றனர். குமிழை முழுமையாகத் திருப்பிவைத்து நெடுஞ்சாலைக்குச் சென்றால், ஓட்டுநர் தும்மினாலும் வண்டி தடம் மாறும்.

மாற்றம் செய்வதற்கு முன் சட்டத்தையும் கேட்டறிய வேண்டும். மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையும் சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையமும் வாகனங்களில் செய்யப்படும் மாற்றங்களுக்கு விதிகள் வைத்துள்ளன. காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிப்பது அவசியம். தெரிவிக்காத மாற்றம், விபத்திற்குப் பிறகே பெரிய கேள்வியாக எழும்.

பழமையை அப்படியே காப்பவர்களுக்கு இந்த மாற்றத்தில் உடன்பாடு இல்லை. ஜப்பானியப் பொறியாளர்கள் வடித்ததை வெட்டுவது, பழைய வீட்டின் தேக்குத் தூணை அறுப்பதற்குச் சமம் என்பது அவர்கள் கருத்து. அந்தக் கருத்தில் நியாயம் உண்டு. ஆனால், தோள் வலியால் ஓட்ட முடியாமல் கொட்டகையில் நிற்கும் மகிழுந்தும் மெல்ல மெல்ல அழிந்துகொண்டுதான் இருக்கும். பிரேக் இறுகும், ரப்பர் வெடிக்கும், பெட்ரோல் தொட்டி துருப்பிடிக்கும். கழற்றிய பகுதிகளைப் பத்திரப்படுத்தி, மீண்டும் பொருத்தக்கூடிய விதத்தில் செய்தால் இரு தரப்புக்கும் இடையே ஒரு வழி கிடைக்கிறது. தொழிற்சாலைத் தண்டை வெட்டாமல் அப்படியே எடுத்துவைத்துவிட்டு, வேறொரு பழைய தண்டை வாங்கி அதனை வெட்டுவோர் இதனால்தான் அவ்வாறு செய்கின்றனர். செலவு சற்று மிகும். ஆனால், மனம் உறுத்தாது.

வேலை முடிந்த மகிழுந்தை உடனே சாலைக்கு எடுத்துச் செல்வதில்லை. முதலில் ஸ்டீரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பி, கம்பியோ குழாயோ எங்கும் உரசவில்லை என்று பார்க்கின்றனர். பின்னர், ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டுகின்றனர். வண்டியை நிறுத்தி, மோட்டாரின் உருகியைக் கழற்றிவிட்டு, துணையே இல்லாமல் மறுபடியும் ஓட்டிப் பார்க்கின்றனர். என்றாவது மின்சாரம் நின்றுபோனால் ஸ்டீரிங் எவ்வளவு கனக்கும் என்பதை ஓட்டுநரின் கை அங்கேயே அறிந்துகொள்ள வேண்டும். சக்கரக் கோணங்கள் மீண்டும் அளக்கப்படுகின்றன. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒவ்வொரு திருகாணியும் மறுபடியும் இறுக்கிப் பார்க்கப்படுகிறது.

அடுத்த வாரம் அதே பேரங்காடிக்கு வரும் 240இசட், ஒரே முயற்சியில் கட்டத்திற்குள் நுழைந்துவிடுகிறது. வீடு திரும்பும்போது, நெடுஞ்சாலையில் ஏறுவதற்குச் சற்று முன் ஓட்டுநர் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் குமிழை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புகிறார். ஸ்டீரிங் சற்றே கனக்கிறது. கொட்டகையின் அலமாரியில், பழைய தண்டு கிரீஸ் தடவிய துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கிறது.